பாரசீகக் கவிஞர் சர்மத் யார்? முந்நூற்று ஐம்பது ஆண்டு விவாதம்

தில்லி ஜாமா மசூதியின் கிழக்கு வாசலுக்கு எதிரே சிவப்புச் சாயம் பூசிய ஒரு சமாதி இருக்கிறது. அதில் அடக்கமாகியிருப்பவர் முகமது சயீத் சர்மத். ஈரானில் யூதக் குடும்பத்தில் பிறந்து, வணிகராக இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து, இங்கே உடைமையையும் உடையையும் துறந்து, பாரசீக மொழியில் முந்நூறுக்கும் மேற்பட்ட நான்கடிப் பாடல்களை விட்டுச் சென்றவர். ஔரங்கசீப் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், பெரும்பாலும் 1661இல், அவர் தலை வெட்டப்பட்டது.

அவர் யூதராகவே இருந்தாரா, முஸ்லிமாக மாறினாரா, இரண்டையும் விட்டு விலகினாரா என்ற கேள்வியும், எதற்காகக் கொல்லப்பட்டார் என்ற கேள்வியும் அன்றே எழுந்தன. இன்றுவரை அவற்றுக்கு ஒருமித்த விடை கிடைக்கவில்லை. முக்கியமான விடைகளையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. வட இந்திய விவகாரம்போலத் தோன்றினாலும், இதன் சாட்சியங்களில் ஒன்று எழுதப்பட்டது நம் சோழமண்டலக் கரையில்தான்.

பொதுவாக ஏற்கப்படும் வரலாறு

சர்மத்தைப் பற்றிய மிக நெருங்கிய ஆவணம் 'தபிஸ்தானே மஸாஹிப்' என்ற பாரசீக நூல். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், பல சமயங்களின் கொள்கைகளையும் நேரில் கேட்டுத் தொகுத்த நூல் இது. ஒருகாலத்தில் மொஹ்சின் ஃபானி எழுதியதாகச் சொன்னார்கள். இப்போது ஜரதுஷ்டிரச் சார்புடைய ஆசார் கைவான் மரபைச் சேர்ந்த ஒருவர் எழுதியது என்ற கருத்தே வலுத்திருக்கிறது. அவர் ஹிஜ்ரி 1057இல், அதாவது 1647 வாக்கில், ஹைதராபாத்தில் சர்மத்தைச் சந்தித்திருக்கிறார்.

அவர் தரும் வரலாறு இது. சர்மத் யூத அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். தோரா முதலிய வேதங்களைக் கற்றபின் இஸ்லாத்தை ஏற்றார். முல்லா சத்ரா, மீர் ஃபிந்தரிஸ்கி ஆகிய தத்துவ ஆசான்களிடம் பயின்றார். வணிகத்துக்காகக் கடல்வழியே சிந்துவின் தட்டா நகரத்துக்கு வந்தவர், அபய் சந்த் என்ற இந்து இளைஞன்மேல் கொண்ட காதலில் கையிலிருந்ததையெல்லாம் விட்டார். ஆடையையும் களைந்துவிட்டு அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். அந்த அன்பில் களங்கமில்லை என்று தெளிந்தபின் பையனின் தகப்பனார் வழிவிட்டார். இருவரும் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதற்குப் பிந்தியவை வேறு நூல்களிலிருந்து தெரிபவை. 1650களில் சர்மத் தில்லியில் இருந்தார். பட்டத்து இளவரசர் தாரா ஷுகோவின் மதிப்பைப் பெற்றிருந்தார். 1659இல் தாரா கொல்லப்பட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சர்மத்தும் போனார்.

இந்தச் சட்டகத்தைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இதற்குள் எதை அழுத்திச் சொல்வது என்பதில்தான் பிளவு.

ஹைதராபாத் காலத்தின்மேல் ஆய்வாளர்கள் அதிகம் கவனம் செலுத்தியதில்லை. அப்துல்லா குதுப் ஷாவின் கோல்கொண்டா அன்று ஈரானியருக்கு இரண்டாம் தாயகம். வைர வணிகராக வந்து அமைச்சராக உயர்ந்த மீர் ஜும்லாவும் ஈரானியரே. அவரது இயற்பெயரும் முகமது சயீத்தான். 1640களில் அவர் நடத்திய கர்நாடகப் படையெடுப்பில் பூந்தமல்லி, செங்கல்பட்டுக் கோட்டை உட்பட இந்தக் கரைநாடு விஜயநகர அரச மரபின் கையைவிட்டு கோல்கொண்டாவிடம் போனது. புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரின் சலுகைகளை 1647இல் உறுதிசெய்து கொடுத்தவரும் அவரே. தபிஸ்தான் ஆசிரியர் சர்மத்தைச் சந்தித்தபோது செங்கல்பட்டும் ஹைதராபாத்தும் ஒரே அரசின்கீழ் இருந்தன. சர்மத் இந்தக் கரைக்கு வந்தார் என்பதற்கு இது ஆதாரமாகாது. ஈரானிய வணிகர் ஒருவர் தட்டாவிலிருந்து தக்காணத்துக்குப் பெயர்ந்ததை ஞானியின் அலைச்சல் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வணிகரும் கவிஞரும் வைத்தியரும் அன்று நடந்த வழக்கமான பாதையே அது என்பதற்கு மட்டும் இது உதவும்.

பரங்கிமலைக்காரரின் சாட்சியம்

ஐரோப்பியச் சாட்சிகள் இருவர். பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே தில்லித் தெருக்களில் அம்மணமாகத் திரிந்த சர்மத்தைத் தாமே கண்டதாக எழுதுகிறார். ஆடை உடுத்தச் சொல்லி ஔரங்கசீப் ஆசைகாட்டியும் மிரட்டியும் பார்த்தார், அவர் மசியவில்லை, தலை போயிற்று என்பது அவர் கணக்கு. சுருக்கமான குறிப்பு, பக்கீர்கள்மேல் அவருக்கிருந்த அருவருப்பு அதில் மறைவின்றித் தெரிகிறது.

இரண்டாமவர் வெனிஸ்காரர் நிக்கோலாவ் மனூச்சி. தாராவின் பீரங்கிப் படையில் வேலை பார்த்துவிட்டு, பின்னர் வைத்தியராகி, 1680களில் சென்னைக்கு வந்து 1686இல் இங்கேயே மணம் முடித்துக்கொண்டவர். சென்னையிலும் பரங்கிமலையிலுமாக வாழ்ந்தார். பரங்கிமலை அக்காலத்திலிருந்து நெடுங்காலம் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியம் ஒன்று புனித தோமையார்மலை என்ற பெயரில் இருக்கிறது. முகலாயர் வரலாறு கூறும் தம் பெருநூலை மனூச்சி 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1907, 1908 ஆண்டுகளில் வில்லியம் இர்வின் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

சர்மத்தை அவர் எபிரேயர் என்றும் நாத்திகர் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். தாரா முன்னிலையில் மட்டும் இடுப்பில் ஒரு துணி சுற்றிக்கொள்வாராம். உன் இளவரசன் எங்கே என்று ஔரங்கசீப் கேட்டதற்கு, இங்கேதான் இருக்கிறார், சொந்த இரத்தத்தையே வதைத்த உன் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்ற பொருள்பட சர்மத் விடை சொன்னதாகவும் எழுதுகிறார்.

இந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு எடை தருவது? நடந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து எழுதியது. எழுதியவர் தாராவின் உப்பைத் தின்றவர், ஔரங்கசீப்பை மன்னிக்காதவர். கேள்விப்பட்டதைக் கண்டதுபோல விவரிக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே இருக்கும் மாமல்லபுரப் பாறைச் சிற்பங்களைச் சீனர் வேலையாக அவர் கருதியது தெரிந்த செய்தி. தம் வீட்டிலிருந்து ஒருநாள் பயணத் தொலைவில் இருந்த பல்லவர் படைப்பையே இப்படிக் கணித்தவர், தில்லி அரசவைக்குள் நடந்த உரையாடலை வார்த்தை பிசகாமல் தருகிறார் என்றால் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால், சர்மத் எபிரேயர் என்று அவர் சொல்வதை இதே காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது. மனூச்சியின் சென்னையில் யூதர்கள் அன்றாடம் கண்ணில் பட்டவர்கள். வைரமும் பவளமும் வியாபாரம் செய்ய லண்டனிலிருந்து வந்த போர்த்துகீசிய யூதர்கள் கோட்டையில் குடியிருந்தார்கள். 1688இல் நகராண்மைக் கழகம் அமைந்தபோது ஆல்டர்மேன்களாகவும் இடம்பெற்றார்கள். யூதர் என்றால் யார் என்று மனூச்சிக்குத் தெரியும். தபிஸ்தானை அவர் படித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன. அவர் எழுதியவற்றுள் உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது இந்த ஒரு சொல்தான்.

காஷானா, ஆர்மீனியாவா?

சர்மத் ஈரானின் காஷான் நகரத்து யூதர் என்பதே பொதுக்கருத்து. ஆனாலும் 1690ஐ ஒட்டி ஷேர் கான் லோதி தொகுத்த 'மிராத்துல் கயால்' என்ற கவிஞர் வரலாறு, சர்மத்தைப் பரங்கி நாட்டார், ஆர்மீனியர் என்கிறது. பின்வந்த பலரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஈரானிலிருந்து வந்த முஸ்லிமல்லாத வணிகர் என்றாலே இந்தியாவில் ஆர்மீனியர் என்று எண்ணும் வழக்கம் இதற்குக் காரணமாகலாம். முதலாம் ஷா அப்பாஸ் இஸ்ஃபஹானின் புதிய ஜுல்ஃபாவில் ஆர்மீனியரைக் குடியேற்றியபின் அவர்களது வணிக வலை இந்தியத் துறைமுகங்கள் முழுதும் பரவியிருந்தது. பின்னாளில் கேள்விப்பட்டதை எழுதியவரைக் காட்டிலும், நேரில் பேசிய தபிஸ்தான் ஆசிரியரை நம்புவதே முறை. இந்தப் பூசலை இத்தோடு விட்டுவிடலாம்.

யூதரே என்ற தரப்பு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வால்டர் ஃபிஷல் முகலாய அரசவையில் யூதர்கள் பற்றி எழுதிய கட்டுரைகளில் சர்மத்துக்கு மைய இடம் தந்தார். அதன்பின் யூத வரலாற்று நூல்களில் சர்மத் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்.

இத்தரப்பின் வலுவான சான்று தபிஸ்தானின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்நூலில் சர்மத் இஸ்லாமியப் பகுதியில் வரவில்லை. யூதர் பற்றிய அத்தியாயத்தில் வருகிறார். யூத சமயத்தைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்ததெல்லாம் சர்மத் வாயால் கேட்டவையே. அபய் சந்த் அவரிடம் தோரா படித்து, ஆதியாகமத்தின் தொடக்கப் பகுதியைப் பாரசீகத்தில் பெயர்க்க, சர்மத் அதைச் சரிபார்த்தார். உலகப் படைப்பில் தொடங்கி நோவா காலம்வரை வரும் அந்தப் பெயர்ப்பு தபிஸ்தானுக்குள் முழுதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சிந்து நாட்டு இந்து இளைஞன் ஒருவன் யூத வேதத்தைப் பாரசீகமாக்க, யூதராய்ப் பிறந்த முஸ்லிம் திருத்திக்கொடுக்க, ஜரதுஷ்டிர மரபினர் ஒருவர் அதைப் படியெடுத்து வைத்த கதை இது. இந்திய வரலாற்றில் இப்படி வேறொன்று கிடைப்பது அரிது.

அம்மணத்துக்கும் சர்மத் யூத நியாயமே சொல்கிறார். இஸ்ரவேலரிடம் உடலை மறைப்பது கட்டாயமில்லை, ஏசாயா தீர்க்கதரிசியே கடைசிக் காலத்தில் ஆடையின்றி நடந்தார் என்று அவர் கூறியதாகத் தபிஸ்தான் பதிகிறது. ஏசாயா ஆகமத்தின் இருபதாம் அதிகாரத்தில் அந்தச் செய்தி உண்மையிலேயே இருக்கிறது. ஆண்டவன் கட்டளைப்படி ஓர் அடையாளமாகச் செய்த காரியம் அது என்பதையும், யூதச் சட்டம் அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சர்மத் சொல்லாமல் விட்டுவிடுகிறார். வேதம் அறிந்தவர் என்பதற்கும், அதைத் தம் வசதிக்கு வளைத்துக்கொண்டவர் என்பதற்கும் இதே சான்று.

இத்தரப்பின் பலவீனங்களும் சிறியவையல்ல. மதம் மாறியதைச் சொல்வதும் அதே தபிஸ்தான்தான். எபிரேய எழுத்தில் அவர் பெயரால் ஒன்றும் இல்லை. கொச்சி யூதரோடோ வேறெந்த யூதச் சமூகத்தோடோ அவர் உறவு வைத்திருந்ததாகச் செய்தி இல்லை. கட்டாயத்தால் மதம் மாறி உள்ளுக்குள் யூதராய் இருந்திருக்கலாம் என்ற ஊகத்துக்குச் சூழல் இடம் தருகிறது: காஷான் யூதப் புலமைக்குப் பேர்போன ஊர், முதலாம் ஷா அப்பாஸ் காலத்து வன்முறைகளை அவ்வூர்க் கவிஞர் பாபாய் இப்னு லுத்ஃப் யூதப் பாரசீகத்தில் காவியமாகவே பாடியிருக்கிறார். ஆனால் 1656 தொடங்கி நடந்த பெருங்கட்டாய மதமாற்றத்துக்கு வெகுமுன்பே சர்மத் ஈரானை விட்டு வந்துவிட்டார். சூழல் பொருந்துவதால் மட்டும் ஊகம் உண்மையாகிவிடாது.

சூஃபி தியாகி என்ற தரப்பு

உருது வாசகருக்குச் சர்மத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அவர் எழுதிய நெடுங்கட்டுரை சர்மத்தைக் காதலின் தியாகியாக நிறுத்தியது. 922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட மன்சூர் ஹல்லாஜின் வாரிசு சர்மத் என்ற ஒப்பீடு அதன்பின் வழக்கமாயிற்று. ஆசாத்தின் சமாதியும் இன்று அதே ஜாமா மசூதிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பார்வை கவிதைக்கு நெருக்கமானது. மது, காதல், நிலையாமை, இறைவனிடம் உரிமையோடு சண்டை போடுவது எல்லாம் சூஃபி மரபின் சொத்து. இடறுமிடம் வேறு. சூஃபி என்றால் குரு பரம்பரை வேண்டும். சர்மத்துக்கு அது தெளிவாக இல்லை. பக்கத்துச் சமாதியில் இருக்கும் ஹரே பரே ஷா அவருடைய குரு என்பது தில்லி மரபுச் செய்தி; சமகால நூல்களில் அதற்கு வேர் காண்பது கடினம். வெட்டுண்ட தலையைக் கையிலேந்தி மசூதிப் படியேறினார் என்ற கதையும் அப்படித்தான். அது மக்கள் பக்தியின் ஆவணம். வாழ்க்கை வரலாற்றுக்கு உதவாது.

எம்மதமும் சாராதவர் என்ற தரப்பு

சமயம் கடந்த ஞானி என்ற சித்திரம் விடுதலைக்குப் பின் பெருகியது. பியாஸ் ராதா சுவாமி சத்சங்கம் 1966இல் ஐசக் எசக்கியேல் எழுதிய நூலை வெளியிட்டது. அதன் தலைப்பு அவரை இந்தியாவின் யூத ஞானி என்றது, உள்ளடக்கமோ சத்சங்க நெறியின் முன்னோடியாகக் காட்டியது. நாதன் காட்ஸ் 2000இல் எழுதிய ஆய்வு இன்னும் நுட்பமானது: யூதர், யோகி, சூஃபி, அரசவைக்காரர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடையாளங்கள் ஒட்டியிருப்பதை ஏற்று, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியையே கேள்விக்குள்ளாக்கினார்.

தமிழ் வாசகருக்கு இது எளிதில் உவப்பான விடை. கப்பல் வணிகத்தை விட்டுக் கோவணத்தோடு நடந்த பட்டினத்தாரையும், இராயபுரத்தில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபையும் அறிந்தவர்களுக்குச் சர்மத் அந்நியராகத் தோன்றமாட்டார். அந்த எளிமைதான் ஆபத்தும்கூட. குணங்குடியார் தெளிவாக இஸ்லாமிய ஞான மரபில் நின்றவர், பட்டினத்தார் சைவர். 'எம்மதமும் சம்மதம்' என்ற பிற்காலப் பெயர்ச்சீட்டை அவர்கள்மேல் ஒட்டுவது எவ்வளவு பொருந்தாதோ, சர்மத்மேல் ஒட்டுவதும் அவ்வளவு பொருந்தாது. இஸ்லாத்தை விட்டு இராமனையும் இலக்குவனையும் நாடியது ஏன் என்று சர்மத் தம்மையே கேட்டுக்கொள்ளும் ஒரு பாடலை இத்தரப்பினர் அடிக்கடி காட்டுவார்கள். அது அவருடையதுதானா என்பதே ஐயத்துக்குரியது.

வாள் எதற்காக வீழ்ந்தது?

மூன்று குற்றச்சாட்டுகள் பேசப்படுகின்றன. அம்மணம், இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவில் இறைவன் இல்லை என்னும் முதற்பாதியோடு நிறுத்திக்கொண்டது, நபிகளின் விண்ணேற்றத்தை உடலளவில் மறுப்பதாகப் படிக்கத்தக்க ஒரு ருபாயி, அதாவது நான்கடிப் பாடல். விசாரணையில் முல்லா அப்துல் கவிக்குப் பெரும் பங்கு இருந்தது. விண்ணேற்றப் பாடலை மிராத்துல் கயால் முன்வைக்கிறது. பாதிக் கலிமா கதை பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில்தான் செழித்து வளர்கிறது. காலம் செல்லச் செல்ல உரையாடலில் அழகு கூடுவதே அதை ஐயுறக் காரணம்.

இவை வெறும் சாக்கு, தாராவின் ஆள் என்பதே உண்மைக் காரணம் என்று ஆசாத் வாதிட்டார். கிழக்கு நாடுகளில் அரசியல் சமயத்தின் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது அவர் கருத்தின் சாரம். இன்று பெரும்பான்மை ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். தில்லியில் அம்மணச் சாதுக்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் தலைகள் தப்பின.

ஆனால் தாராவோடு நெருங்கியிருந்தவர்கள் எல்லோரும் சாகவில்லை. தாராவின் குருவான முல்லா ஷா பதக்ஷியும் ஔரங்கசீப்பின் சந்தேகத்துக்கு ஆளானவரே. புதிய பேரரசரின் பட்டமேற்பைப் பாராட்டி ஒரு செய்யுள் எழுதி, லாகூரில் இயற்கையாகவே இறந்தார். தாராவின் வட்டத்தில் புழங்கிய சந்தர்பான் பிராமண் அரசுப் பணியில் நீடித்தார். அரசியல் தொடர்பு ஒன்றே தலையை வெட்டப் போதுமென்றால் இவர்கள் பிழைத்திருக்க முடியாது. மாறாக, அம்மணச் சாதுக்கள் முஸ்லிம்கள் அல்லர். சட்டத்தின் கண்ணில் சர்மத் முஸ்லிம். ஷரியா நீதிமன்றம் அவர்மேல் பாய்வதற்கு மதமாற்றமே வழி திறந்தது. யூதராகவே இருந்திருந்தால் அந்தக் குற்றப்பத்திரிகை எழுதியிருக்கவே முடியாது.

ஆகவே இவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதைவிட, எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். தாராவின் வீழ்ச்சி அவரைப் பாதுகாப்பற்றவராக்கியது. முஸ்லிம் என்ற நிலை அவரைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. பணிந்துபோக மறுத்தது தீர்ப்பை உறுதியாக்கியது. முல்லா ஷா எழுதியதுபோல ஒரு வாழ்த்துச் செய்யுளைச் சர்மத் எழுதவில்லை என்பதை இந்த விவாதத்தில் போதிய அளவு யாரும் எடைபோட்டதாகத் தெரியவில்லை.

கவிதைகளை எவ்வளவு நம்பலாம்?

எல்லாத் தரப்பும் கடைசியில் ருபாயிகளிடம்தான் வந்து நிற்கிறது. மாட்டிக்கொள்வதும் அங்கேதான். கவிமணியின் தமிழால் நமக்கு நெருக்கமான உமர் கய்யாமுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது. கய்யாம் பெயரில் வழங்கிய 82 பாடல்கள் வேறு கவிஞர்களின் தொகுப்புகளிலும் இருப்பதை ருஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி 1897இல் எடுத்துக்காட்டினார். நான்கடிப் பாடல் சிறியது. வாயிலிருந்து வாய்க்கு எளிதில் தாவும். புகழ்பெற்ற பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தியாகியின் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

சர்மத்தின் பாடல்களை 1930களில் ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில் ஹாஷ்மி ஆங்கிலத்தில் தந்தார். 1950இல் சாந்திநிகேதனிலிருந்து ஃபஸ்ல் மஹ்மூத் அசீரி பதிப்பித்தார். பதிப்புக்குப் பதிப்பு பாடல்களின் எண்ணிக்கை மாறுகிறது. பாடல்களுக்குத் தேதி இல்லை. வாளை எதிர்பார்த்து நிற்பதுபோன்ற பாடல்கள் உண்மையில் மரணத்துக்கு முன் எழுதியவையா, மரணத்துக்குப்பின் பிறர் அவர் பெயரில் சேர்த்தவையா என்று வெறும் வாசிப்பால் சொல்லிவிட முடியாது. பாடலை வைத்து வாழ்க்கையைக் கட்டி, அந்த வாழ்க்கையை வைத்துப் பாடலுக்கு உரை சொல்லும் சுழற்சியில் ஆசாத் முதல் இன்றைய எழுத்தாளர்கள்வரை பலரும் சிக்கியிருக்கிறார்கள்.

தீராதவை

சர்மத் யூதராய்ப் பிறந்தார், யூத வேதத்தைக் கற்பிக்கும் அளவுக்கு அறிந்திருந்தார், சட்டப்படி முஸ்லிமாக இறந்தார் என்பவை ஓரளவு உறுதியானவை. மதமாற்றத்தின் நோக்கம், தில்லியில் தாராமேல் அவருக்கிருந்த உண்மையான செல்வாக்கு, நீதிமன்றத்தில் பேசப்பட்ட சொற்கள் ஆகியவை தீராதவை. கடைசியாகச் சொன்னது இனியும் தீர வாய்ப்பில்லை. ஹைதராபாத் ஆண்டுகளுக்கும் கோல்கொண்டாவின் ஈரானிய வணிக உலகத்துக்கும் இருந்த தொடர்பு இன்னும் ஆராயப்பட வேண்டியது. தில்லிக் கதையின் பரபரப்பில் அது ஒதுங்கிப்போய்விட்டது.

தபிஸ்தான் ஆசிரியர் சர்மத்தின் சில பாடல்களை அவர் உயிரோடிருந்தபோதே எழுதிவைத்திருக்கிறார். அவை தாராவின் வீழ்ச்சிக்கு முந்தியவை, வாளுக்கு முந்தியவை, தியாகி என்ற பட்டத்துக்கும் முந்தியவை. சர்மத்தின் கவிதையைப் பற்றிய எந்தப் புதிய ஆய்வும் அந்தச் சில பாடல்களிலிருந்து தொடங்கி, அவற்றின் மொழியோடும் நடையோடும் ஒப்பிட்டு மற்றவற்றைச் சலிக்க வேண்டும். அதைச் செய்து முடிக்கும்வரை சர்மத்தின் சமயம் பற்றிப் பாடல்களை மேற்கோள் காட்டி எழுதப்படும் முடிவுகள் எதையும், அவை எத்தரப்பினுடையவையாக இருந்தாலும், தற்காலிகமானவையாகவே கொள்ள வேண்டும்.